அரத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பழைய ரேஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் நண்பர்களே,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தைகளில் பார்க்கிறேன். குளிர் போனதும் பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் இந்தச் சந்தைகள் முளைத்துவிடும். தாத்தா போய்ச் சேர்ந்தபின் பரணைக் காலி செய்கிற குடும்பம், நின்றுபோன கடிகாரத்துக்கும் காது உடைந்த கோப்பைகளுக்கும் நடுவே ஒரு சைக்கிளையும் நிறுத்தி வைத்திருக்கும். டயர் வெடித்திருக்கும். செயின் துருவேறிக் கட்டை மாதிரி கிடக்கும். நீங்கள் பேரம் பேசி வாங்கி, தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே சைக்கிளைத் தெருவில் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

போன மாதம் பார்த்தது ஒரு பெஜோ பிஎக்ஸ்-10. பின்சக்கரம் உட்காரும் இடத்தில், கியர் மாற்றியைத் தொங்கவிடுவதற்கென்று ஃபிரேமோடு ஒரு காது இருக்கும். அதை ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, இருந்த சுவடே தெரியாமல் வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். மேலே முழுக்க மங்கலான கருப்பில் பவுடர் பெயின்ட். ஓட்டி வந்த தம்பி பெருமையாக, "ஒரே கியர்தான் அண்ணே, வெயிட் எவ்வளவு குறைஞ்சிருச்சு பாருங்க" என்றான். நல்ல பிள்ளை, சைக்கிள் மேல் உண்மையான ஆசை உள்ளவன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரன். அப்பா அங்கே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். வண்டி நம்பர், ஆள் பெயர், எடுத்த மணி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு அனுப்புகிற கடை. 'ஓவராயில்' என்று நம் ஊரில் சொல்கிற வேலையை அங்கேதான் பழகினேன். வண்டியை முழுசாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் குண்டுகளை எண்ணி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டுவது. அது 'ஓவர்ஹால்' என்கிற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்று பின்னால் தெரிந்தபோது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. எண்ணெய் போடுவதால் வந்த பெயர் என்றே நினைத்திருந்தேன். பிரான்ஸுக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இங்கே சைக்கிள் எனக்குப் பிழைப்பு இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை, அந்த நோட்டுப் பழக்கமும் போகவில்லை.

உங்கள் வீட்டில் சாத்தி வைத்திருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். பிஎக்ஸ்-10ஐயே எடுத்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் பழைய நல்ல வண்டி தேடுகிறவர் கையில் அடிக்கடி சிக்குவது அதுதான். பெஜோ அணிக்காரர்கள் பந்தயத்தில் ஓட்டிய வண்டிக்கு மிக நெருக்கமாக, சாதாரண மனிதன் கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த வண்டி. வெள்ளையில் கருப்புக் கட்டம் போட்ட சட்டை அந்த அணிக்கு. எடி மெர்க்ஸ் 1966இல், இருபது வயதில், மிலான்–சான் ரெமோ பந்தயத்தை முதன்முதலாக ஜெயித்தது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான்.

வண்டியைக் கூர்ந்து பார்த்தால் ஒரு நாட்டின் சைக்கிள் தொழிலே அதில் உட்கார்ந்திருக்கும். கியர் மாற்றி டிஜோன் ஊரின் சிம்ப்ளெக்ஸ். பிரேக் கிளேர்மோன்-ஃபெரானிலிருந்து வந்த மாஃபாக். கிராங்க் சாந்த்-எத்தியென்னின் ஸ்ட்ராங்லைட். காட்டர் பின் இல்லாமல், சதுர முனை அச்சில் பூட்டுகிற அலுமினியக் கிராங்க்கை 1933இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பெனி. ஃபிரேம் குழாய் மட்டும் இங்கிலாந்து, பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் 531. நம்மவர்களுக்கு இதில் ஒரு தூரத்து உறவும் உண்டு. ரெனால்ட்ஸ் கம்பெனி 1928இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்துக்குள் போனது. அதே குழுமம்தான் 1949இல் முருகப்பா குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. எங்கள் கடையில் வரிசையாக நின்ற ஹெர்குலஸ்களும் நான் இன்று துடைத்துக்கொண்டிருக்கும் 531 குழாயும் ஒன்றுவிட்ட பங்காளிகள் என்று தெரிந்த அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இந்தப் பாகங்களைச் செய்தவர்களில் பலர் இன்று இல்லை. மாஃபாக் இல்லை. சிம்ப்ளெக்ஸ் இல்லை. பெடல் செய்த லியோத்தாரும் இல்லை. ஆகவே இருக்கிற சரக்கு இருக்கிறதுதான், இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. நீங்கள் குப்பையில் போடுகிற ஒவ்வொரு மாஃபாக் பிரேக்கும் அந்தக் கணக்கிலிருந்து கழிகிறது.

"சரி, பழைய பாகம் கிடைக்காவிட்டால் புதுசு போட்டுவிட்டுப் போகிறோம்" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் எதையும் ஊர் உலகத்தைப்போலச் செய்ததில்லை. சைக்கிளிலும் அப்படித்தான். பெடல் அச்சு சுழலும் கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய வண்டியில் அதன் மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. இத்தாலிய வண்டியில் 36 மில்லிமீட்டர், சுற்று மட்டும் அதே 24. பிரெஞ்சு வண்டியில் 35 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. அளவு மட்டுமா, திசையும் வேறு. மிதிக்க மிதிக்க வலப்பக்கக் கிண்ணத்துக்குத் தளருகிற சுபாவம் உண்டு. அதனால் ஆங்கிலேயர் அந்தப் பக்கம் இடமரை போட்டார்கள். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இரண்டு பக்கமும் வலமரையே போட்டு, வலப்பக்கத்தை முரட்டுத்தனமாக முறுக்கிவிட்டார்கள். நடுவில் சுவிஸ்காரர் வேறு. அளவு பிரெஞ்சு, வலப்பக்கத் திசை ஆங்கிலேயம். எழுபதுகளின் கடைசியில் பெஜோவே கொஞ்ச காலம் சுவிஸ் மரைக்கு மாறியது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் நீளமான ஸ்பேனரை மாட்டித் தொங்கினால், கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டே போவீர்கள். கிண்ணத்தின் முகத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பல சமயம் 35×1 என்று அதிலேயே பொறித்திருக்கும்.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு எல்லோருக்கும் 22.2 மில்லிமீட்டர், இவர்களுக்கு 22.0. பெடல் மரை மற்றவர்களுக்கு அங்குலத்தில் பதினாறில் ஒன்பது, இவர்களுக்கு 14 மில்லிமீட்டர். பெடலின் முனையில் 'டி', 'ஜி' என்ற பிரெஞ்சு எழுத்துகள் இருந்தால் வலது, இடது என்று அர்த்தம். அது பிரெஞ்சு மரையாக இருக்க வாய்ப்பு அதிகம். சீட் கம்பம் பிஎக்ஸ்-10இல் பெரும்பாலும் 26.4. இத்தாலிய வண்டிக்கு வாங்கிய 27.2 அதில் இறங்கவே இறங்காது. ஃப்ரீவீல் மரைதான் எல்லாவற்றிலும் கபடமானது. ஆங்கில ஃப்ரீவீல் பிரெஞ்சு ஹப்பில் முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும். நீங்களும் நம்பி இறுக்குவீர்கள். மூன்றாவது சுற்றில் ஹப்பின் அலுமினிய மரையைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் ஏதோ கரைகண்டவன் போல எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். என்னுடைய முதல் பிஎக்ஸ்-10இன் கிராங்க்கை நானே நாசம் செய்தேன். அதைக் கழற்ற, கிராங்க்குக்குள் மரை போட்டு ஏறும் ஒரு கருவி வேண்டும். சாதாரணக் கருவி 22 மில்லிமீட்டர். அது தொளதொளவென்று உள்ளே போய் வந்தது. நண்பர் ஒருவரிடம் டிஏ கம்பெனிக் கிராங்க்குக்கான 23 மில்லிமீட்டர் கருவி இருந்தது. அதை மாட்டினேன், பிடித்தது. ஸ்ட்ராங்லைட்டுக்கு வேண்டியது 23.35 என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்தக் காலே அரைக்கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மரை பாதிதான் கவ்வியிருக்கிறது. இறுக்கினேன், இறுக்கினேன், ஒரு 'நறுக்', அவ்வளவுதான். அலுமினிய மரை கம்பி கம்பியாகச் சுருண்டு வெளியே வந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் ஸ்பேனராலேயே தலையில் ஒன்று போட்டிருப்பார். அந்தச் சுருளை இன்னும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அது என் அறியாமை. கடைக்காரர் செய்வதைப் பற்றிய மனக்குறை வேறு. தெரிந்தவர் ஒருவர் தன் வண்டியை ஓர் ஊர்க் கடையில் விட்டார், பெயர் வேண்டாம். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஹெட்செட்டில் ஆட்டம். பிரெஞ்சு அளவில் ஹெட்செட் கைவசம் இல்லை. தேடி வாங்க ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, ஃபோர்க்கின் தண்டில் இருந்த 25 மில்லிமீட்டர் மரையின் மேலேயே ஆங்கில மரையை வெட்டி, புது ஹெட்செட்டைப் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஆங்கில மரைக்கு 25.4 மில்லிமீட்டர் தண்டு வேண்டும். 25இல் வெட்டினால் மரை அரைகுறை ஆழத்தில்தான் விழும். இன்று அந்த வண்டியில் பழைய ஹெட்செட்டும் நிற்காது, புதியதும் சரியாக இறுகாது. இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை தளர்கிறது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் ஐம்பது வருடத்து ஃபோர்க் பிழைத்திருக்கும்.

ஆகவே நான் உங்களிடம் வாதிடுவது ஒன்றே ஒன்றுக்காகத்தான். ஃபிரேமுக்கும் பாகத்துக்கும் பொருந்தவில்லை என்றால் விட்டுக்கொடுக்க வேண்டியது பாகம். 22.2 தண்டுதான் கிடைக்கிறதா? உப்புத்தாளை எடுத்து அந்தத் தண்டைத் தேயுங்கள். ஃபோர்க்கின் உள்பக்கத்தைக் குடையாதீர்கள். தண்டு கெட்டால் வேறு தண்டு வரும். பெடல் கிண்ணம் தேய்ந்துவிட்டதா? பிரெஞ்சு மரையில் புதுக் கிண்ணம் இன்றும் சிலர் செய்து விற்கிறார்கள். விலை அதிகம்தான், கொடுங்கள். அந்தக் காலத்து ஐந்து பல்சக்கர வண்டியின் பின்பக்க அகலம் 120 மில்லிமீட்டர், பிற்காலச் சக்கரம் 130. எஃகு வளையும், தாங்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துத் திணிக்கிறீர்களே, அப்புறம் சக்கரம் உட்காரும் இரண்டு பக்கத் தகடுகளும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று எத்தனை பேர் பார்க்கிறீர்கள்?

காதை அறுப்பது பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அறுக்காமலே கெடுக்கிற வழியும் ஒன்று உண்டு, அதைச் செய்கிறவர்கள் மரியாதைக்காரர்கள். சிம்ப்ளெக்ஸ் கியர் மாற்றிக்கென்று செய்த காதின் துளையில் மரை இருக்காது. இத்தாலிய கம்பனோலோவை அங்கே மாட்ட ஆசைப்படுகிறவர்கள் துளையைப் பெரிதாக்கி, 10 மில்லிமீட்டர் மரை வெட்டி, கியர் மாற்றி முட்டி நிற்பதற்கு ஓர் ஓரத்தையும் ராவுகிறார்கள். "கம்பனோலோ உசத்தி ஆயிற்றே, வண்டிக்கு மதிப்பு கூடுமே" என்பது அவர்கள் நியாயம். என்னைப் பொறுத்தவரை, வேறு வீட்டு மாப்பிள்ளைக்காகச் சொந்த வீட்டு நிலையை இடித்த கதை அது.

சிம்ப்ளெக்ஸ் மேல் உங்களுக்கு இருக்கும் கோபமும் எனக்குப் புரிகிறது. அறுபதுகளில் அவர்கள் டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் இறங்கினார்கள். புதிதில் எடை குறைவு, துருவும் கிடையாது. பல வருடம் வெயிலும் குளிரும் பட்டதும் கீறல் விடும். முன் கியர் மாற்றியின் பட்டை தொட்டாலே உடைகிற நிலையில் இருப்பதை நானே நாலைந்து வண்டியில் பார்த்துவிட்டேன். உடைந்த பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லவில்லை. அதே சிம்ப்ளெக்ஸ், எழுபதுகளில் சூப்பர் எல்ஜே என்ற பெயரில் முழு உலோகத்தில் ஒரு கியர் மாற்றி செய்தார்கள். அழகான வேலை. உங்கள் ஃபிரேமின் காதில் ஒரு கீறல் போடாமல் அப்படியே உட்காரும். உங்கள் வண்டிக்கு ஐந்தாறு வருடம் இளையதாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைச் சொன்னதும் இன்னொரு கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கம்பெனியின் விலைப்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, 1969 வண்டியில் 1971 பிரேக் பிடி எப்படி வந்தது என்று கேட்பவர்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் வண்டி ஓட்டியவன் எவனும் விலைப்பட்டியலைப் பார்த்து ஓட்டவில்லை. எது நன்றாக வேலை செய்ததோ அதை மாட்டிக்கொண்டான். சிம்ப்ளெக்ஸ் பிற்பாடு ஒரு கியர் நெம்புகோல் செய்தது. உள்ளே சுருள்வில் வைத்து, கை வைத்த இடத்தில் நிற்கிற மாதிரி. முழுக்க முழுக்க கம்பனோலோ பூட்டிய வண்டிகளில்கூடப் பந்தயக்காரர்கள் அந்த நெம்புகோலை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். காலத்துக்குப் பொருத்தம் என்றால், அந்த வண்டியை அந்நாளில் ஓட்டிய ஒருவன் கையில் இந்தப் பாகம் வந்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முன்பின் ஐந்தாறு வருடம் ஒத்துப்போனால் எனக்குப் போதும். அதற்கு மேல் பார்ப்பது ஜாதகப் பொருத்தம்.

வருடம் கண்டுபிடிப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை. இத்தாலிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம். கம்பனோலோவின் நுவோவோ ரெக்கார்ட் பின் கியர் மாற்றியில், எழுபதுகளின் சரக்கென்றால், 'பேட்டன்ட்' என்று போட்டு வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். பழைய ஹப்பின் பூட்டு நட்டிலும் அப்படி உண்டு. பிரெஞ்சு வண்டியில் கொஞ்சம் துப்பறிய வேண்டும். ஸ்டிக்கரின் எழுத்து, பிரேக்கின் மாடல், கியர் பிளாஸ்டிக்கா உலோகமா. பிற்கால மாயார் கம்பெனி ஹப்பில் வாரமும் வருடமும் பொறித்திருப்பார்கள். ஒரு பாகத்தை மட்டும் நம்ப வேண்டாம், சக்கரம் முன்பே மாறியிருக்கலாம். நாலு பாகம் ஒரே வருடத்தைச் சொன்னால் நம்புங்கள்.

புதுசாகவே போட வேண்டியவையும் இருக்கின்றன, அதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பிரேக் கட்டை, பிரேக் ஒயர், டயர், செயின், பால்ரஸ் குண்டு. ஐம்பது வருடத்து ரப்பர் கட்டையை நம்பி மலை இறங்குவது பக்தி ஆகாது, மடத்தனம். அந்தக் காலத்து ஆவா கம்பெனித் தண்டு உங்கள் வண்டியில் இருந்தால் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்று போடுங்கள். கீறல் விட்டு முறிகிற கெட்ட பெயர் அதற்கு உண்டு, ஹேண்டில்பார் கையோடு வருவதை யாரும் விரும்பமாட்டீர்கள். பசை போட்டு ஒட்டுகிற டியூபுலர் டயர் வேண்டாம் என்றால் சாதாரண ரிம்மில் இன்னொரு ஜோடிச் சக்கரம் கட்டிக்கொள்ளுங்கள். பழைய ஜோடியை ஆணியில் மாட்டி வையுங்கள். சீட் உறுத்துகிறதா, மாற்றுங்கள். கழற்றி மாட்டக்கூடிய எதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெடலில் கால்விரலைப் பிடிக்கும் அந்தக் கம்பிக் கூட்டை மட்டும் தூக்கி எறியுமுன், அதில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்று பாருங்கள். பல வண்டிகளில் 'கிறிஸ்தோஃப்' என்று இருக்கும். யூஜின் கிறிஸ்தோஃப் என்ற பந்தயக்காரரின் பெயர் அது. 1913இல் தூர் த பிரான்ஸ் போட்டியில் தூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய ஃபோர்க் முறிந்தது. வேறு வண்டி வாங்கக்கூடாது, யாரிடமும் உதவி கேட்கக்கூடாது என்பது விதி. வண்டியைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாந்த்-மாரி-த-கம்பான் என்ற கிராமத்தின் கொல்லன் பட்டறையில் தானே ஃபோர்க்கைப் பற்றவைத்தார். துருத்தி ஊதிக்கொடுத்தது ஒரு பையன் என்பதற்காக அதற்கும் சேர்த்து அபராதம் போட்டார்கள். முறிந்த ஃபோர்க்கையே பற்றவைத்து ஓட்டியவரின் பெயரை, துருப்பிடித்துவிட்டது என்று குப்பைக்கூடையில் போடுகிறோம்.

பெயின்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பவுடர் பெயின்ட் அடிப்பதற்கு முன் மணலை வேகமாகப் பீய்ச்சி எல்லாவற்றையும் உரிப்பார்கள். பழைய ஸ்டிக்கர் போகும். ஃபோர்க்கின் நுனியிலும் பின்காலிலும் இருக்கும் குரோமியம் மங்கிப் பாழாகும். நெர்வெக்ஸ் கம்பெனி மூட்டுகளின் வளைவை ஒட்டி எவளோ ஒருத்தி, எவனோ ஒருவன், கையால் கருப்பு அடித்திருப்பது போகும். அதன் மேல் தடிமனாக வந்து படியும் பவுடர், மூட்டின் கூர்மையான விளிம்பை எல்லாம் களிமண்ணால் மெழுகியது மாதிரி ஆக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பழைய பனியன் துணி, ஒரு முழுச் சனிக்கிழமை. இதற்கு மேல் எதுவும் தேவைப்படாத வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குரோமியத்தில் லேசான துரு இருந்தால் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். புளி போடுகிற யோசனை வேண்டாம். குத்துவிளக்கோடு அதை நிறுத்திக்கொள்வோம்.

இத்தாலியில் கியாந்தி மலைச்சரிவில் கயோலே என்ற சின்ன ஊர். அங்கே 1997இல் எரோய்க்கா என்று ஒரு சைக்கிள் ஓட்டம் தொடங்கினார்கள். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். அந்தப் பக்கத்துத் தார் போடாத வெள்ளை மண் சாலைகள் காணாமல் போகாமல் காக்க வேண்டும் என்பதுதான் ஆரம்பித்தவர்களின் எண்ணம். வண்டி ஏறக்குறைய 1987க்குள் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பிரேக் ஒயர் ஹேண்டில்பாருக்கு வெளியே வளைந்து போக வேண்டும், பெடலில் அந்தக் கம்பிக் கூடு வேண்டும் என்று விதிகள் வைத்தார்கள். இன்று பல்லாயிரம் பேர் போகிறார்கள். அதனால் பரணில் கிடந்த எத்தனையோ வண்டிகள் கீழே இறங்கின; அந்த நன்றி எனக்கு உண்டு.

கூடவே இன்னொன்றும் நடந்தது. பாகங்களுக்கு விலை ஏறியது. ஏறியதும், முழு வண்டியை வாங்கிப் பிரித்து விற்கிற வியாபாரம் முளைத்தது. ஃபிரேம் ஒருவருக்கு, கிராங்க் ஒருவருக்கு, பிரேக் இன்னொருவருக்கு. ஐம்பது வருடம் ஒன்றாக இருந்த சாமான்கள் ஏழு பார்சலாக ஏழு ஊருக்குப் போகின்றன. விற்பவர் கணக்கில் அது லாபம், மறுக்கவில்லை. ஃபிரேம் ஏற்கெனவே முறிந்துவிட்டது, துரு தின்றுவிட்டது என்றால் பிரித்துக் கொடுங்கள், அதுவும் தர்மம்தான். நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்த பாகம் என்று தெரிந்தால் உங்களில் வாங்குகிறவர்களும் வாங்காதீர்கள். பெட்டி பெட்டியாகப் புதுச் சிம்ப்ளெக்ஸ் சரக்கைச் சுருட்டி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பெரியவர்கள் சிலரையும் எனக்குத் தெரியும். அய்யா, உங்கள் அலமாரியில் நாலு வண்டிகளின் உயிர் இருக்கிறது. நியாயமான விலைக்கு, பாகம் தேடி அலையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்களுக்குக் கிடைக்காததால்தான் ரம்பத்தை எடுக்கிறார்கள்.

"என் காசு, என் சைக்கிள், நான் அறுப்பேன்" என்று உங்களில் யாராவது சொன்னால் என்னிடம் பதில் இல்லை. சட்டப்படி அது உங்களுடையதுதான். ஒரே கியர் வண்டி வேண்டுமென்றால், அதற்காகவே செய்த ஃபிரேம்கள் கடையில் புதிதாகக் கிடைக்கின்றன என்று மட்டும் சொல்வேன். இதிலேயே ஓட்ட ஆசையென்றால் கியர் மாற்றியைக் கழற்றுங்கள், செயினைக் குறையுங்கள், ஓட்டுங்கள். அந்தக் காது அதுபாட்டுக்குச் சும்மா இருக்கட்டும். எடை ஒரு பிடி கொத்துமல்லி அளவுதான்.

நான் கேட்பது இவ்வளவே. ரம்பம், அரம், மரை வெட்டும் அச்சு இந்த மூன்றில் எது கையில் இருந்தாலும் ஒரு வாரம் அதைக் கீழே வையுங்கள். அந்த வாரத்தில் யாரிடமாவது கேளுங்கள். நீங்கள் கழற்றும் எந்தப் பாகத்தையும், உடைந்ததாகவே இருந்தாலும், ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி வண்டியோடு வையுங்கள். ஒரு தாள் எடுத்து எழுதுங்கள்: எங்கே வாங்கியது, யாருடையது என்று சொன்னார்கள், மரை என்ன அளவு, சீட் கம்பம் எத்தனை, எந்தப் பாகத்தை எந்த வருடம் மாற்றினீர்கள், குண்டு என்ன சைஸ், ஒவ்வொரு பக்கமும் எத்தனை. மடித்து அந்தப் பையிலேயே போடுங்கள். விற்கும்போது பையும் தாளும் வண்டியோடு போகட்டும். எங்கள் கடையில் அரை மணி வாடகைக்குப் போன வண்டிக்கே நோட்டில் ஒரு வரி இருந்தது.

அந்த 23.35 மில்லிமீட்டர் கருவியை நான் பின்னால் தேடி வாங்கிவிட்டேன். என்னைச் சந்தையில் பார்த்தால் கேளுங்கள், தருகிறேன். நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள், வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.